திரையில் வந்த எங்கள் பள்ளி

எட்டாத ஊர்ப் பள்ளிகளில் வேலை பார்த்தவர்களுக்கு இடமாறுதலில் முன்னுரிமை என்று அரசு விதி கொண்டுவந்த கோடை அது. பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் அந்த மீனவ ஊரின் தொடக்கப் பள்ளிக்கு நான் ஒருத்திதான் ஆசிரியை. எனக்கு முன் வந்தவர்கள் சேர்ந்த நாளும் போன நாளும் எனக்கு மனப்பாடம். யாரும் இரண்டாவது கோடையைப் பார்த்ததில்லை. நான் பார்த்துவிட்டேன். ஆனால் என் சின்ன மகள் மீஞ்சூரில் தன் அப்பாவிடம் வளர்ந்துகொண்டிருந்தாள்.

இடமாறுதல் கலந்தாய்வுக்குப் படகில் கிளம்பினேன். நடு ஏரியில் தண்ணீர் வற்றி, படகு சேற்றில் தட்டி நின்றது. பெயரைக் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் வாய்ப்பு போய்விடும். படகோட்டி வேலு நிதானமாக இன்ஜினை அணைத்தார்.

"நான் போகக்கூடாதுன்னு வேணும்னே நிறுத்துறீங்களா?" என்று கத்திவிட்டேன்.

படகில் கூட வந்த அவர் மனைவி தேவகி முறைத்தார். "இன்னா டீச்சர் பேசுறீங்க? ஏரில வலை போட இன்னிக்கு எங்க முறை. அத வுட்டுட்டு உங்கள இட்டுனு வந்துக்கிறோம். நிறுத்தணும்னா கரையிலயே நிறுத்திருக்க மாட்டோம்? நீங்க போறீங்கன்னு எம்பொண்ணு நேத்துலேர்ந்து சோறு துன்னல."

சொல்லிவிட்டுக் கணவரோடு சேற்றில் இறங்கித் தள்ளினார். நானும் இறங்கினேன்.

நேரத்துக்குப் போய்விட்டேன். மீஞ்சூரைக் கேட்டேன், கொடுத்தார்கள். உடனே அங்கிருந்த திரையில், காலியிடப் பட்டியலில் எங்கள் பள்ளி வந்தது. எனக்குக் கிளம்ப மனம் வரவில்லை, கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். அடுத்தடுத்து வந்தவர்கள் அந்த வரியைத் தாண்டி வேறு ஊர்களைச் சொன்னார்கள். இப்படிப்பட்ட ஊருக்கு ஆள் வரட்டும் என்றுதான் அந்த விதியைப் போட்டிருப்பார்கள். அது இருந்த ஒருத்தியையும் வெளியே கொண்டுவந்துவிட்டது.

தேவகியிடம் மன்னிப்புக் கேட்கப் போனை எடுத்தேன். 'யார்னா வர்றாங்களா டீச்சர்?' என்றுதான் முதலில் கேட்பார். கூட்டம் கலையும்வரை நான் அழைக்கவில்லை.