திமிரிப் பக்கத்துப் பால் சங்கமும் திரும்பிப் போன நான்கு லிட்டரும்

சத்துவாச்சாரியில் பதினைந்து வருடமாகப் பாக்கெட் பால் வாங்குகிறேன். அது எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளாவது பார்க்க வேண்டும் என்றிருந்தேன். கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டேன். தெரிந்தவர் மூலம் அனுமதி கிடைத்திருந்தது.

காலை ஐந்து மணிக்குப் பைக்கில் கிளம்பி, ஆற்காடு வழியாகத் திமிரி தாண்டி ஆறு கிலோமீட்டரில் இருக்கும் அந்தக் கிராமத்தை அடைந்தபோது ஆறு மணி. போக வர பெட்ரோல் நூற்றைம்பது ரூபாய். திமிரியில் டீ பன்னிரண்டு ரூபாய், சுமார்தான்.

பால் சங்கம் என்பது ஒற்றை அறை. வாசலில் தூக்குச்சட்டிகளோடு முப்பது பேர் நின்றார்கள், பெரும்பாலும் பெண்கள். ஒவ்வொருவர் பாலிலும் ஒரு கரண்டி எடுத்து இயந்திரத்தில் வைத்தால், கொழுப்பு எவ்வளவு, மற்ற சத்து எவ்வளவு என்று காட்டிவிடுகிறது. இந்த மற்ற சத்தைத்தான் எஸ்.என்.எஃப் என்கிறார்கள். அது குறைந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அறைக்குள் என்னைப் பக்கத்தில் நிறுத்தி, சங்கச் செயலாளர் அப்படித்தான் விளக்கினார்.

வரிசையில் எனக்குப் பக்கத்தில் நின்றிருந்தவர் செல்வி. ஷூ கம்பெனியில் ஒன்பது வருடம் மேல்தோல் தைத்தவர். முதுகுவலி தாங்காமல் வேலையை விட்டு, வந்த பணத்தில் ஒரு ஜெர்சி மாடு வாங்கியிருந்தார். இனி யாரும் நேரம் பார்த்துத் திட்ட மாட்டார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

அவர் முறை வந்தது. எஸ்.என்.எஃப் ஏழரைக்கும் கீழே. எட்டுக்கு மேல் இருக்க வேண்டுமாம்.

செயலாளர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, “தண்ணி ஜாஸ்தியா இருக்குது. எடுத்துட்டுப் போம்மா” என்றார்.

“நான் ஏங்க தண்ணி ஊத்தப் போறேன்?” என்றார் செல்வி. பின்னால் யாரோ சிரித்தார்கள். நான்கு லிட்டரையும் தூக்கிக்கொண்டு நடந்தார்.

ஒருவர் பாலால் மொத்த கேனும் திரும்பி வந்துவிடும் என்று செயலாளர் சொன்னார். எனக்கும் நியாயமாகவே பட்டது.

ஏழே காலுக்குக் கேன்களை ஏற்றிக்கொண்டு வேன் கிளம்ப, பின்னாலேயே போனேன். குளிரூட்டும் நிலையத்தில் பாலை நான்கு டிகிரிக்குக் குளிர வைத்து டேங்கரில் ஏற்றுகிறார்கள். அங்கே பரிசோதனை பார்க்கும் நசீமாவிடம் காலையில் நடந்ததைச் சும்மா பேச்சுக்குச் சொன்னேன்.

அவர் கையிலிருந்த சோதனைக் குழாயைக் கீழே வைத்தார். “தண்ணின்னே சொல்லிட முடியாது சார். மடிநோய் ஆரம்பிச்சாலும் கம்மியாதான் காட்டும். அந்தப் பாலையும் சங்கத்துல எடுக்கக் கூடாதுதான், ஆனா உடனே டாக்டரைக் கூப்பிடணும். விட்டா காம்பு போய்டும்.”

அப்போது மணி ஒன்பது. செல்வியின் எண் என்னிடம் இல்லை. சங்கத்துக்குப் போன் செய்திருக்கலாம். டேங்கர் கிளம்பிக்கொண்டிருந்தது, பாக்கெட் போடும் பால் பண்ணையில் பதினொன்றரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மாலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று அதன் பின்னால் போனேன். பாலைச் சூடாக்கிக் குளிர்விப்பது, பாக்கெட் போடுவது, முகவர்களுக்குப் பிரித்து அனுப்புவது எல்லாம் பார்த்தேன். வாசல் கடையில் பால்கோவாவும் தின்றேன். மாலையில் மறந்துவிட்டேன்.

நினைவு வந்து மறுபடி போனது பதினொரு நாள் கழித்து. செல்வி சங்கத்தில் இல்லை. மெயின் ரோட்டில், சாப்பாட்டுப் பையோடு கம்பெனி பஸ்ஸுக்கு நின்றிருந்தார்.

“ரெண்டு காம்பு செத்துப்போச்சு சார். டாக்டர் வந்து, முன்னாடியே சொல்லியிருந்தா காப்பாத்திருக்கலாம்னாரு. பாதி விலைக்கு வித்துட்டோம்.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். “மாடு போனதுகூடப் பரவால்ல. தண்ணி ஊத்தறவள்னு பேராயிடுச்சு.”

நசீமா சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: சங்கம் காலை ஆறு முதல் ஏழு வரை, மாலை நான்கு முதல் ஐந்து வரை. அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள். உள்ளூர் ஆள் துணையில்லாமல் அறைக்குள் நிற்காதீர்கள். வெளியாள் பார்க்கிறான் என்றாலே அங்கே எல்லோரும் வேறு மாதிரி ஆகிவிடுகிறார்கள். குளிரூட்டும் நிலையத்திலிருந்து அந்தக் கிராமத்துக்குத் திரும்பிப் போக பதினான்கு கிலோமீட்டர். நல்ல ரோடு. பைக்கில் இருபத்தைந்து நிமிடம்.