இஸ்திரிப் பெட்டிக்காரரின் பாட்டு

போன வாரம் பெங்களூரிலிருந்து மகள் வந்திருந்தாள். அவளுக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. எழுபதுகளில் இங்கிலாந்துப் பக்கம் பங்க் என்றொரு பாட்டு கிளம்பியதாம். மூன்று ஸ்வரமும் தீராத கோபமும் இருந்தால் போதுமாம். அதில் பேர் வாங்கியவர்களை அவள் சீந்துவதில்லை. ஒரே ஒரு இசைத்தட்டு போட்டு, அதையும் யாரும் வாங்காமல் கலைந்துபோன குழுக்களைத்தான் தேடித் தேடிக் கேட்பாள். இதில் பாதிப் பொறுமையை அவள் படிக்கிற காலத்தில் காட்டியதில்லை.

தேனியில் எங்கள் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே போனை நீட்டினாள். "இதப் பாருங்கப்பா. உலகத்துலயே கொஞ்சம் பேர்கிட்டதான் இருக்காம்." ஒரு தட்டின் உறை. கறுப்பு வெள்ளையில் ஒரு இஸ்திரிப் பெட்டி, தலைகீழாக.

"இந்தத் தட்ட நான் துடைச்சிருக்கேன்" என்றேன். மகள் தன் அம்மாவைப் பார்த்தாள். என்னை டாக்டரிடம் காட்ட வேண்டுமோ என்கிற பார்வை.

துடைத்தேன் என்று சொன்னதுமே தட்டுத் துடைக்கிற ஸ்பிரிட் வாசனை வந்துவிட்டது. கூடவே ஏலக்காய் வாசனை. அப்போது நான் உத்தமபாளையம் தாலுகா ஆபீசில் புது கிளார்க். மாடியில் என் அறை. கீழே சிக்கந்தர் ராவுத்தரின் ரேடியோ செட் கடை. கல்யாணம், காதுகுத்து, சாவு என்று எல்லாவற்றுக்கும் குழாய் கட்டிப் பாட்டுப் போடுகிற கடை. அவனுக்கும் என் வயதுதான். இரண்டாம் நாளே ஒருவரையொருவர் மாப்ள என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டோம். எந்த முறையில் மாப்பிள்ளை என்று இன்றுவரை விசாரித்துக்கொள்ளவில்லை.

ஒருநாள் குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்துப் பங்களா ஒன்றைக் காலி செய்தார்கள். முதலாளியின் மகன் லண்டனில் படித்தவன். ஊர் திரும்பியதும் பாட்டை விட்டுவிட்டு ஏலக்காயைப் பிடித்துக்கொண்டான். அவன் வேண்டாமென்ற ரிக்கார்டுகளை சிக்கந்தர் ஒரு பெட்டியோடு தூக்கி வந்தான். ஒவ்வொரு தட்டும் பாயசம் மாதிரி மணத்தது.

கடையில் இரண்டு பிளேயர்கள். நல்லது விசேஷங்களுக்குப் போகும். மற்றதில் வேகத்தை மாற்றுகிற லீவர் நிமிஷத்துக்கு முப்பத்து மூன்று சுற்றிலேயே இறுகிப்போயிருந்தது. சின்னத் தட்டுகள் நாற்பத்தைந்தில் சுற்ற வேண்டியவை. இதில் போட்டால் பாட்டு இழுக்கும், பாடகி ஆம்பளையாகிவிடுவார். இது எங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்த இங்கிலீஷ் தட்டுகளை அதில்தான் போட்டோம், நல்ல பிளேயரின் முள் தேயக் கூடாதே என்று. பாட்டு இழுத்தது. வெள்ளைக்காரன் இப்படித்தான் பாடுவான்போல என்று இருந்துவிட்டோம். இத்தனைக்கும் நான் பி.எஸ்ஸி. இயற்பியல்.

இஸ்திரிப் பெட்டி உறைக்குள் இருந்தவர்தான் எங்களுக்குப் பிடித்தவர். கனத்த, களைத்த குரல். ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து இறைத்துப் போடுவார். அறுபது வயதுக்குக் குறையாது என்று முடிவு செய்திருந்தோம். உறையின் பின்பக்கம் ஒல்லியாக நாலு பையன்கள் நின்றார்கள். "இதுக அவரு பேரப்பிள்ளைகளா இருக்கும் மாப்ள" என்றான் சிக்கந்தர். நானும் ஒத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் ஜெயமங்கலத்தில் என் அப்பா இறந்துபோனார். தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சப் போனவர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். காலையில் போய்ச் சேர்ந்த எனக்கு அழுகை வரவில்லை. நாற்காலி எடுத்துப் போட்டேன், வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்கச் சொன்னேன். அத்தை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். எனக்கே என்மேல் பயமாக இருந்தது.

மத்தியானம் சிக்கந்தர் செட்டோடு வந்து இறங்கினான். நல்ல பிளேயர் கம்பத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தது. லீவர் இறுகியதைத்தான் கொண்டுவர முடிந்தது. வேப்பமரத்தில் குழாயைக் கட்டி வழக்கமான சோகப் பாட்டைப் போட்டான். பாடிய அம்மாள் கரடியாக உறுமினார். பெரியப்பா எழுந்தே விட்டார். "ஏலே, நிப்பாட்டுலே! செத்தது என் தம்பியா, உன் ரிக்கார்டா?"

சிக்கந்தர் என்னைப் பார்த்தான். பெட்டியைத் துழாவினான். இஸ்திரிப் பெட்டிக்காரரை எடுத்துப் போட்டான்.

தெரு அடங்கிவிட்டது. கொட்டுக்காரர்கள்கூடக் கையை நிறுத்தினார்கள். பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "யாரு இவரு? அனுபவிச்சுப் பாடுறாரே."

"வெளியூருப் பெரியவரு. அவுக சம்சாரம் போனப்பப் பாடுனதாம்" என்றான் சிக்கந்தர், கண் இமைக்காமல்.

அப்பா அதிகம் பேசமாட்டார். எதையாவது சொல்வதற்கு முன்னால் அவர் தொண்டைக்குள் ஒரு நீண்ட முனகல் கிளம்பும். பாதி நாள் அதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த முனகல் அப்படியே வேப்பமரத்திலிருந்து வந்தது. நான் நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு, அதிலேயே உட்கார்ந்து, மூக்கு ஒழுக ஒழுக அழுதேன். எடுக்கிறவரை சிக்கந்தர் அதையே திரும்பத் திரும்பப் போட்டான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு மகள் போனைத் தட்டினாள். ஒன்றே முக்கால் நிமிஷம். பஸ்ஸைத் தவறவிட்ட பையன் போல யாரோ கத்தினான்; பின்னால் தகர டப்பாக்கள் உருண்டன; முடிந்துவிட்டது.

"இது இல்ல" என்றேன்.

"இதாம்பா. வாடகை ரூம்ல இஸ்திரிப் பெட்டி ரிப்பேர். சட்டை கசங்கியிருக்குன்னு ஆபீஸ்ல திட்டுறாங்க. கடைசியில பெட்டிய ஜன்னல் வழியா எறிஞ்சிடுறான்."

"வேற ஒண்ணுமில்லையா?"

"வேற ஒண்ணுமில்லப்பா."

நாற்பத்தைந்தில் முப்பத்து மூன்று ஏறக்குறைய முக்கால்தானே என்று, முக்கால் வேகத்தில் வைத்தும் பார்த்தாள். மெதுவாக ஓடியது, ஆனால் குரல் இறங்கவில்லை. இறங்காமல் போன் பார்த்துக்கொள்கிறதாம். அதே பையன், இப்போது கொஞ்சம் குடித்திருந்தான்.

மறுநாள் உத்தமபாளையம் போனேன். சிக்கந்தரின் கடையில் இப்போது அவன் மகன் போன் கவர் விற்கிறான். குழாய் கட்டுகிற காலம் எப்போதோ போய்விட்டது. ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சிக்கந்தரிடம் பாட்டைப் போட்டுக் காட்டினேன். முழுதும் கேட்டான்.

"இவன் நம்மாளு இல்ல மாப்ள."

நாம் கேட்டது இவனைத்தான், முக்கால் வேகத்தில் என்று சொன்னேன். ஸ்டூலை என் பக்கம் இழுத்துக்கொண்டான். "அப்ப ஜெயமங்கலத்துல அத்தன பேரு அழுதாகளே, அது?"

"அந்தப் பிளேயர் எங்கடா?" என்று கேட்டேன்.

"லீவரு இறுகுனத வச்சுக்கிட்டு என்ன செய்ய? பழைய இரும்புக்குப் போட்டேன். ரிக்கார்டு மாடியில வெயில்ல கெடந்து அப்பளமா வளைஞ்சுபோச்சு." தலையைக் குனிந்துகொண்டான். "தெரியாமப் போச்சு மாப்ள."

அவன்மேல் கோபமில்லை. அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்க வேண்டும்போல இருந்தது, அவ்வளவுதான். இப்போதும் இருக்கிறது.

மகளிடம் சொன்னால் ஏதாவது கருவி வைத்துக் குரலை இறக்கித் தருவாள். ஆனால் அந்தப் பிளேயரின் நடுக்கம், குழாயின் தகரச் சத்தம், வேப்பமரத்துக் காற்று எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கிழவர். அப்படியொருவர் இங்கிலாந்தில் இருந்ததே இல்லை. ஜெயமங்கலத்தில் ஒரு மத்தியானம் இருந்தார்.

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் டேப் ரிக்கார்டர் கிடையாது. அப்பாவின் குரல் எதிலும் பதிவாகவில்லை. அதற்குப் பக்கத்தில் வந்த ஒரே குரலைத்தான் சிக்கந்தர் எடைக்குப் போட்டுவிட்டான்.