நிஜ பாஸ்போர்ட்தான் வேணும்

துபாயில் மேடை வேலை பார்த்த காலத்தில் லைட்டும் ப்ராப் டேபிளும் என் பொறுப்பு. நடிகர்கள் கையில் எடுத்துப்போகிற சாமான்களை அடுக்கிவைக்கிற மேஜைதான் ப்ராப் டேபிள். ஒவ்வொன்றிலும் உரியவர் பெயரை எழுதி ஒட்டுவேன். நாடகம் முடிந்ததும் அவரவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

அமெரிக்காவுக்குக் கட்டிக்கொடுத்த நம் பெண்கள் படும் பாட்டை நாடகமாகப் போடுவது அங்கே பெரிய மோஸ்தர். உட்கார்ந்து அழுவதற்கு அமெரிக்காதான் வசதி. தூரத்தில் இருக்கிறது, பக்கத்து ஃபிளாட்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். வசந்தி மேடம் தானே எழுதி, இயக்கி, நடித்த நாடகத்தில் நியூஜெர்சிக் கணவன் மனைவியின் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்துவிடுவான். கடைசியில் அவள் பீரோவை உடைத்து அதைத் தலைக்குமேல் தூக்கிப்பிடித்து, "இது என் உயிர்!" என்று கத்துவாள்.

மேடம் வீட்டில் வேலை பார்த்த மல்லிகா விழுப்புரம் பக்கத்துக்காரி. ஒத்திகைக்கும் பிளாஸ்க், இஸ்திரிப்பெட்டி சுமந்து வருவாள். ஒருநாள் என் முன்னாலேயே கேட்டாள்.

"பொண்ணுக்கு இந்த மாசம் பிரசவம்மா. டிக்கெட்டு நானே எடுத்துக்கறேன். பாஸ்போர்ட்ட மட்டும் குடுங்கம்மா."

"ட்ராமா முடியட்டும்னு சொன்னேன்ல? அப்புறம் பசங்களுக்கு எக்ஸாம் வேற. அது என் லாக்கர்ல சேஃபா இருக்கு. போய் டீ எடுத்துட்டு வா."

டீயைக் குடித்துவிட்டு மேடம் விட்ட இடத்திலிருந்து அழ ஆரம்பித்தார். க்ளிசரினே வேண்டியிருக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாடகத்தன்று நான் அட்டையில் செய்த பாஸ்போர்ட்டைப் பார்த்து முகம் சுளித்தார். "சீப்பா இருக்கு பாய். நிஜமானதே கொண்டுவந்திருக்கேன். என்னோடது வேண்டாம், அதுல யு.எஸ். விசா இருக்கு, கசங்கிடும்" என்று ஒன்றை மேஜையில் போட்டுவிட்டு மேக்கப்புக்குப் போனார்.

பெயர் ஒட்டுவதற்காகத் திறந்தேன். உள்ளே மல்லிகாவின் முகம். அவள் பெயரையே எழுதி ஒட்டினேன்.

கடைசிக் காட்சியில் மேடம் அதைத் தூக்கிப்பிடித்தபோது அரங்கமே எழுந்து நின்றது. பிளாஸ்க்கோடு ஓரத்தில் நின்ற மல்லிகாவும் கைதட்டினாள். அது தன்னுடையது என்று அவளுக்குத் தெரியாது.

சாமான்களெல்லாம் மேஜைக்குத் திரும்பின. மேடம் பூங்கொத்தோடு செல்ஃபிக்கு நின்றிருந்தபோது மல்லிகாவைக் கூப்பிட்டேன். "இந்தாம்மா, ஒன் சாமான்."

திறந்து பார்த்தவள் அதை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். "அம்மா திட்டுவாங்களே, பாய்?"

"திட்டட்டும். நீ டாக்ஸியப் புடி."

பிளாஸ்க்கை என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் மேடம் போனில் கத்தினார். "யாரக் கேட்டுக் குடுத்தீங்க? அவ ஊருக்கே போயிட்டா!"

"உரியவங்ககிட்டதான் குடுத்தேன் மேடம். உள்ள போட்டோவே இருந்துச்சு."

அதன்பிறகு அந்தக் குழு என்னைக் கூப்பிடவில்லை. நஷ்டம் ஒன்றுமில்லை. அந்த அழுகையை இன்னொரு தடவை கேட்டிருந்தால் லைட்டை அணைத்துவிட்டு வந்திருப்பேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். கொண்டுவந்து கொடுப்பவரெல்லாம் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். பெயர் ஒட்டுவதற்கு முன் திறந்து பாருங்கள்.