குங்குமம் பட்ட கண்ணாடி நார்

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, என் ஆட்காட்டி விரலால் ஆறு வீடியோ படங்களை ஒரே நொடியில் அணைத்தேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. பூஜை என்று நினைத்துச் செய்தேன்!

ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் குடும்ப விழா. என்னைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார்கள். கார் உதிரிபாகம் செய்கிற இடத்தில் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். நானும் கேட்கவில்லை. என் மனைவி ஜானகி போய்ச் சேர்ந்த இந்த இரண்டு வருடமாக, யார் கூப்பிட்டாலும் கிளம்பிவிடுகிறேன். காதுகுத்து, கடை திறப்பு, அபார்ட்மென்ட் ஆண்டு விழா... நாலு பேர் உட்கார்ந்திருக்கிற இடமாக இருந்தால் போதும். வீட்டில் நான் பேசினால் ஃப்ரிட்ஜ் மட்டும்தான் பதிலுக்கு உறுமுகிறது.

கேட்டிலேயே மொபைலை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்துவிட்டார்கள். உள்ளே போன் கூடாது என்பது எல்லோருக்கும் சட்டம். பந்தலில் முன்வரிசை. எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா. ஐம்பது வயது இருக்கலாம். மடியில் இருந்த துணிப்பையிலிருந்து வேப்பிலைக் கொத்து எட்டிப் பார்த்தது.

"சங்கரன்கோவில்ல இருந்து வாரேன் அண்ணாச்சி. எம்மவ பேச்சியம்மாளுக்குப் பரிசு குடுக்காவ. சிறந்த ஆபரேட்டராம்."

"ரொம்ப சந்தோஷம்மா. பொண்ணு எங்கே?"

"ஹாஸ்டல்ல கெடக்கா. அம்மை போட்டிருக்கு. தனி ரூம்ல வச்சிருக்காவ. வாசல்ல நின்னு எட்டிப் பாத்துட்டு வாரேன்னு கெஞ்சினேன். வார்டன் விடலை. நான் மேடையில வாங்குறத அவ ஜன்னல் வழியா அங்க வைக்கிற பெரிய டிவில பாப்பாளாம். அதுக்குத்தான் ராவெல்லாம் பஸ்ல வந்தேன்."

காபி வந்தது. அந்த அம்மா வேண்டாம் என்று தலையசைத்தார்.

"அவளுக்கு வந்ததுல இருந்து எனக்கு ஒண்ணும் தொண்டையில எறங்க மாட்டேங்கு."

எனக்குப் புரிந்தது. எனக்கும் இரண்டு வருடமாக அப்படித்தான். அடுப்படியில் நின்றபடியே, பாத்திரத்திலிருந்தே நாலு கரண்டி. அதற்குப் பெயர் சாப்பாடு!

விழா தொடங்கக் கொஞ்ச நேரம் இருந்தது. கால் சும்மா இருக்குமா? பந்தல் ஓரத்தில் ஒரு மேஜை, அதன்மேல் புதுப் பெட்டி ஒன்று, அதற்கு முன்னால் காதில் வாக்கி-டாக்கி ஹெட்செட்டோடு ஒரு பெண். போய் விசாரித்தேன். பெயர் ஸ்டெல்லா. பிள்ளைப்பாக்கத்துக்காரர். கல்யாண வீடியோவில் ஆரம்பித்து இப்போது கம்பெனி விழாக்கள். இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெண்கள் ஹாஸ்டலில் அவர் கணவர் தாஸ் இருந்தார். இங்கிருந்து போகும் படங்களில் எதை எப்போது பெரிய திரையில் காட்டுவது என்பது அவர் வேலை. நைட் ஷிப்ட் முடித்த பெண்கள் அங்கே கூடியிருந்தார்கள்.

"நாலு கேமரா, மேடை கம்ப்யூட்டர் ஒண்ணு. அங்கேர்ந்து இங்க வர்றது ஒண்ணு. ஆக மொத்தம் ஆறு படம் சார். ஆனா தரைக்குக் கீழ போற கேபிள்ல இருக்குற கண்ணாடி நாரையெல்லாம் ஆபீஸ்காரங்க எடுத்துக்கினாங்க. நமக்கு ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம் கீது."

"ஒரு நாரில் ஆறு படமா?"

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு கலர் லைட்டு சார். கண்ணுக்குத் தெரியாத கலர். இந்தப் பெட்டி எல்லாத்தையும் ஒண்ணா ஏத்தி வுடும். அந்தாண்ட பெட்டி தனித்தனியா எறக்கிடும். ஷேர் ஆட்டோ மாதிரின்னு வெச்சுக்கங்க. ஆனா யாரும் யாரையும் இடிக்க மாட்டாங்க. எதிர்ல வர்றதுகூட மோதாது."

ஒரகடம் கூட்டுரோட்டுக்கும் யாராவது இப்படி ஒரு பெட்டி வாங்கி வைத்தால் புண்ணியமாகப் போகும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் மனிதவள அதிகாரி ஒரு தட்டோடு வந்தார். சந்தனம், குங்குமம், பூ.

"புது மெஷின் சார். உங்க கையால பொட்டு வெச்சு, நீங்களே கனெக்ட் பண்ணிடுங்க."

நம் ஊரில் புதிதாக எது வந்தாலும் பொட்டு வைக்காமல் விடுவோமா? லாரி, கிரைண்டர், லேப்டாப்... ஸ்டெல்லா, "ஐயே, நானே சொருகிக்கிறேன் சார்" என்று ஏதோ சொல்ல வந்தார். போட்டோகிராபர் "சார், இங்க பாருங்க" என்றார். அவ்வளவுதான். பெட்டியின் நெற்றியில் நிறைவாகக் குங்குமம் வைத்தேன். அதே கையால் அந்த நார் ஒயர் முனையின் சின்ன மூடியைக் கழற்றினேன். முனை வெள்ளையாக, பால்பல் மாதிரி இருந்தது. தொட்டுப் பார்த்தேன். ஏன் தொட்டேன்? தெரியாது. பிறகு சொருகினேன். கைதட்டினார்கள்.

ஹாஸ்டலில் திரை கறுப்பு.

"தாஸு, இன்னா சொல்ற? ஒண்ணுமே வரலயா? ஆறுமேவா?" ஸ்டெல்லாவின் குரல் மாறிவிட்டது. "காலையில டெஸ்ட் பண்ணப்ப நல்லா இருந்துச்சே!"

ஷேர் ஆட்டோவுக்குப் பஞ்சர் என்றால் அத்தனை பேரும் ரோட்டில்தானே நிற்க வேண்டும்?

பொது மேலாளருக்கு விமானம் பிடிக்கிற அவசரம். அதனால் பரிசளிப்புதான் முதல் நிகழ்ச்சி. ஸ்டெல்லா பவர் ஒயரை ஆட்டிப் பார்த்தார். சுருண்டு கிடந்த கேபிளை நீவிவிட்டார். அங்கே தாஸும் அதையேதான் செய்துகொண்டிருந்தார். நான் பின்னால் நின்று என் விரலைப் பார்த்தேன். சிவப்பு.

"பேச்சியம்மாள்!" என்று மைக்கில் அழைத்தார்கள். அவருக்குப் பதிலாக அந்த அம்மா மேடை ஏறினார். கேடயத்தைக் கையில் வாங்கியதும் மேலாளரைப் பார்க்கவில்லை, போட்டோகிராபரைப் பார்க்கவில்லை. கண்ணால் கேமராவைத் தேடினார். கண்டுபிடித்தார். கேடயத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அதைப் பார்த்துச் சிரித்தார். கேமராவில் சிவப்பு விளக்கு ஒழுங்காக எரிந்தது. அந்தச் சிரிப்பு எங்கேயும் போகவில்லை என்பது ஸ்டெல்லாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

"ஸ்டெல்லா... அந்த முனையை நான் தொட்டேன்."

இந்த ஐந்து வார்த்தையைச் சொல்ல எனக்கு அத்தனை நேரம் பிடித்தது. கோழை!

அவர் என் விரலைப் பார்த்தார். ஒயரைப் பிடுங்கினார். பேனா மாதிரி ஒரு துடைக்கிற சாமானை முனையில் வைத்து அழுத்தினார். டிக். பெட்டியின் ஓட்டையிலும் ஒரு டிக்.

"தலைமுடி அளவு நார் சார். அதுக்குள்ள லைட்டு போற வழி இன்னும் சின்னது. துளி தூசி பட்டாலும் அவ்ளோதான்."

மறுபடி சொருகினார். ஆறு படங்களும் வந்துவிட்டன. பந்தல் திரையில் ஹாஸ்டல் பெண்கள் கையாட்டினார்கள். அதற்குள் பரிசளிப்பு முடிந்து மேலாளரின் கார் கேட்டைத் தாண்டியிருந்தது.

நாற்காலிக்குத் திரும்பினேன்.

"எம்மவ பாத்திருப்பாள்லா அண்ணாச்சி?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரை வந்தது.

"இல்லம்மா. அந்த நேரம் படம் போகலை. என்னாலதான்."

குங்கும விரலைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. கேடயத்தைப் பையில் வைத்து, வேப்பிலையை அதன்மேல் பரப்பி மூடினார். திட்டியிருந்தால் தேவலை. இத்தனை பேர் நடுவில் அந்த அம்மாவைப் போல் ஒருத்தர் தனியாக உட்கார்ந்திருந்து நான் பார்த்ததில்லை. கண்ணாடியில் தவிர.

எழுந்து மறுபடி ஸ்டெல்லாவிடம் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் பந்தலை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஹெட்செட்டைப் பிடித்தார்.

"தாஸு, நாலாவது கேமரா சும்மா கூட்டத்தைக் காமிச்சுகினு கீது. பெரிய ஸ்கிரீனுக்கு அது வாணாம். அதை மட்டும் தனியா இழுத்து அந்த அம்மை போட்ட பொண்ணு ரூமுக்கு வுடு. உள்ள போவாத. சின்ன மானிட்டரை ஜன்னலாண்ட வை, போதும்."

ஒரு நாரில் ஆறு படம் போகும் என்பதன் அருமை எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஐந்து ஊருக்கு. ஒன்று ஒருத்திக்கு மட்டும்.

நான் மேடையேறி முக்கால் மணி நேரம் பேசினேன். பேச்சியம்மாள் அதைப் பார்க்கவில்லை. கொடுத்து வைத்தவள்!

பந்தலிலேயே பந்தி. நாலாவது கேமராவை அந்த அம்மாவின் இலைக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஸ்டெல்லா பக்கத்தில் குனிந்தார்.

"அம்மா, இத்தப் பாருங்க. உங்க பொண்ணு இப்ப உங்களைத்தான் பாத்துகினு கீது. உங்களை மட்டும்தான்."

அந்த அம்மா பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்தது போல விறைத்துப்போனார். பிறகு பையிலிருந்து கேடயத்தை எடுத்துக் காட்டினார். முன்பக்கம், பின்பக்கம். வேப்பிலையைக் காட்டினார். "ஏளா, சொறியாத. தழும்பு விழுந்துரும்" என்றார். கண்ணீர் பாட்டுக்கு ஓடியது. அதைத் துடைக்கவில்லை.

ஹெட்செட்டைக் காதில் அழுத்திக் கேட்ட ஸ்டெல்லா சொன்னார்: "தாஸு வெளிய நின்னு கேட்டுச் சொல்றாரு. மொதல்ல அம்மாவ சாப்பிடச் சொல்லுங்கன்னு உங்க பொண்ணு சொல்லுதாம்."

வெறும் சோறும் மோரும் போதும் என்றார். வீட்டில் அம்மை இருக்கையில் தாளித்ததைத் தொடுவதில்லையாம். கேமராவைப் பார்த்தபடியே பிசைந்து, கவளம் கவளமாகச் சாப்பிட்டார். இலை காலியானதும் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார்.

"இன்னுங் கொஞ்சம் மறுசோறு வைய்யி. புள்ள பாத்துக்கிட்டு இருக்கால்லா."

யாராவது பார்க்கிறார்கள் என்றால்தான் மனிதன் உட்கார்ந்து சாப்பிடுகிறான் போலிருக்கிறது.

அன்று மாலை வீட்டில் விளக்குப் போட்டதும் நாற்காலியை ஹாலுக்கு இழுத்துப்போய், ஜானகியின் படத்துக்கு எதிரே போட்டேன். தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு வருடத்தில் முதல் தடவை.

மறுசோறும் வைத்துக்கொண்டேன்... பார்க்கிறவள் பார்க்கட்டும்!