கூடத்தில் ஐந்து ஸ்பீக்கர்கள்

“ஏணியில ஏறி டிரில் போடுறதெல்லாம் பொம்பளப் புள்ள செய்யற வேலையாம்மா? நீ பில்லு போடு, அது போதும்.”

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நான் வேலைக்குச் சேர்ந்திருந்த டிவி கடையின் முதலாளி இப்படிச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. மத்தியானம் சாப்பிட்டாயா என்று மறக்காமல் கேட்பவர். ஆனால் நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். என் அப்பா நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் கரும்பு இறக்குகிறவர். அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்து வெளியே வந்தவள், அடுத்தவர் விற்கிற டிவிக்குப் பில் போடவா வந்தாள்? அந்தக் கோபத்தோடேயே கவுன்டரில் உட்கார்ந்திருந்தேன்.

வீடுகளில் டப்பா டிவி போய்த் தட்டை டிவி வரத் தொடங்கியிருந்த காலம். டிவியோடு ஐந்து ஸ்பீக்கரும், அதிரும் சத்தத்துக்கென்று ஒரு வூஃபரும் கொண்ட ஹோம் தியேட்டர் வாங்குவது பெருமையாக இருந்தது. எங்கள் கடையில் அதை மாட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த அண்ணன் துபாய்க்குப் போய்விட்டார். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. செட் வாங்கிப்போன சிதம்பரத்துக்காரர் ஒருவர் ஆள் எப்போது வரும் என்று தினமும் போனில் கேட்டுக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் முதலாளி டிரில் பையை என்னிடம் நீட்டினார்.

“போயிட்டு வா. ஆனா அவுங்ககிட்டேர்ந்து கம்ப்ளெயின்ட் வந்துச்சின்னா திரும்பவும் கவுன்டர்தான். அப்புறம் எங்கிட்ட கேக்கக் கூடாது.”

சிதம்பரத்தில் அந்த வீட்டுக்காரர் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். கதவைத் திறந்தது அவருடைய மனைவியின் தம்பி. என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

“மாமா, ஸ்பீக்கர் மாட்ட ஆளு வரும்னீங்க. டீச்சருல்ல வந்துருக்காங்க!”

“சும்மா இரு மச்சான். வாம்மா, உள்ள வா.”

ஐந்து ஸ்பீக்கரும் ஷோகேஸில் பொம்மைகளுக்கு நடுவே வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் சந்தனம், குங்குமம். வீட்டுக்கு வந்த புதுச் சாமானுக்குப் பொட்டு வைத்து அழகாக அடுக்கிவிட்டார் வீட்டுக்காரரின் மனைவியான அந்த அக்கா. “எல்லாம் ஒரே எடத்துல இருந்தாத்தான தொடைக்க வசதி?” என்று கேட்டார். சத்தம் நம்மைச் சுற்றி நாலு பக்கமிருந்தும் வர வேண்டும், அதனால் பிரித்து வைக்கத்தான் வேண்டும் என்றேன். மனமில்லாமல் எடுத்துக் கொடுத்தார்.

செட்டோடு வந்த புத்தகத்தில் சோபாவை மையமாக வைத்துப் படம் போட்டிருந்தது. அதன்படியே செய்தேன். டிவிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, பேச்சுச் சத்தம் வருகிற நடு ஸ்பீக்கர் டிவிக்கு மேலே, மற்ற இரண்டும் சோபாவுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று. வலப்பக்கம் சமையலறை வாசல் வந்துவிட்டதால் அந்த ஸ்பீக்கரை நிலைக்கு மேலே மாட்டினேன். டேப்பைப் பிடித்து, சோபாவிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கரும் எவ்வளவு தூரம் என்று அளந்து ஹோம் தியேட்டர் மெஷினில் ஏற்றினேன். பிறகு உட்காருகிறவரின் காது இருக்கும் உயரத்தில் சத்தம் அளக்கும் மீட்டரை வைத்து, சோதனைச் சத்தத்தைப் போட்டேன். அது ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றி வரும். எல்லாம் ஒரே அளவில் கேட்கும்படி கூட்டிக் குறைக்க வேண்டும்.

“ஐயோ, கேஸ் லீக் ஆவுது!” என்று அக்கா அடுப்பை அணைக்க ஓடினார். ஓடினவர் திரும்பி வந்து, விஷயம் தெரிந்ததும் தானும் சிரித்தார்.

கடைசியில் ஒரு படத்தைப் போட்டேன். மழையில் குதிரைகள் ஓடும் காட்சி. வீட்டுக்காரர் சோபாவில் சாய்ந்துகொண்டு, “மச்சான், மழ நம்ம முதுவுக்குப் பின்னால பேயுது பாரு!” என்றார். நான் தலை நிமிர்ந்து கடலூருக்கு பஸ் ஏறினேன்.

அந்த வாரமே கடைக்குப் போன் வந்தது. பேச்சே கேட்கவில்லை என்று வீட்டில் சொல்கிறார்களாம். முதலாளி திட்டவில்லை. பில் புத்தகத்தை மெதுவாக என் பக்கம் நகர்த்தினார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

“ஒரே ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வரேன் சார். என் லீவு நாள்லயே போறேன். சரியாகலன்னா நானே வந்து கவுன்டர்ல உக்காந்துக்கறேன்.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். கறிக்குழம்பு வாசனை தெருவரைக்கும் வந்தது. “நீங்க எப்பவும் போல சாப்புட்டுக்கிட்டே பாருங்க, நான் ஓரமா இருக்கேன்” என்றேன்.

சோபாவில் யாரும் உட்காரவில்லை. அதன் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. மேலே மடிக்க வேண்டிய துணி குவிந்து கிடந்தது. வீட்டுக்காரரும் மச்சானும் பிள்ளைகளும் தரையில் பாய் விரித்து, சோபாவில் முதுகைச் சாய்த்து, அந்தக் குதிரைப் படத்தைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா சமையலறை வாசற்படியில் பாதி உடம்பு உள்ளேயும் பாதி வெளியேயுமாக உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு நேர்மேலே நான் மாட்டிய ஸ்பீக்கர்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “அக்கா, இங்க உங்களுக்கு என்னா கேக்குது?”

“மழ கேக்குது. குதர ஓடறது கேக்குது. யாரு என்னா பேசறாங்கன்னுதான் தெரியல. சவுண்ட கூட்டச் சொன்னா குதரதான் ஜாஸ்தியா ஓடுது.”

எங்கள் வீட்டிலும் இப்படித்தான். அப்பா தரையில், அம்மா அடுப்புப் பக்கம். சோபாவே கிடையாது. அப்படி வளர்ந்த நான், புத்தகத்தில் இருந்த படத்தைப் பார்த்ததும் எல்லோரும் சோபாவில்தான் இருப்பார்கள் என்று நம்பியிருக்கிறேன்.

“சோத்த எறக்கி வெச்சிட்டு பாயில வந்து உக்காரலாமில்ல?” என்றார் வீட்டுக்காரர்.

“யாரு ரசம் ஊத்தறது? நான் அடுப்பாண்டதான் உக்காருவேன்.”

“அவுங்க எங்கயும் வர வேணாம் சார். நான் ஸ்பீக்கர மாத்தறேன்” என்றேன்.

“எனக்கு எஃபெக்ட் போயிடக் கூடாது பாப்பா.”

“மாமா, அக்காவுக்குப் பேச்சு கேக்க ஆரம்பிச்சிதுன்னா உங்க பாடுதான் திண்டாட்டம்,” என்றார் மச்சான்.

நிலைக்கு மேலிருந்த ஸ்பீக்கரைக் கழற்றி, வாசலிலிருந்து தள்ளிச் சுவரின் கோடியில் மாட்டினேன். நடு ஸ்பீக்கருக்குப் பின்னால் அட்டையை மடித்து வைத்து, பாயைப் பார்க்கும்படி முன்பக்கம் சாய்த்தேன். பாயில் உட்கார்ந்து மீட்டரை என் காதோரம் பிடித்து எல்லாவற்றையும் மறுபடி அளந்தேன். அப்புறம் வாசற்படியிலும் உட்கார்ந்து அளந்தேன். பேச்சைக் கூட்டி, பின்னால் வரும் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தேன். பாயில் இருப்பவருக்கு மழை இன்னும் முதுகுப் பக்கம்தான் பெய்தது, என்ன, சற்று அடங்கி.

அதே படத்தை மறுபடி போட்டேன். அக்கா ரசக் கரண்டியைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். வில்லன் கதாநாயகியிடம் ஏதோ இனிப்பாகப் பேசினான். “அடிப்பாவி, அவன் சொல்றத நம்பாதடி! அவன்தான் ஒங்க அப்பன அடைச்சி வெச்சிருக்கான்!” என்று கத்தினார். பிள்ளைகள் சாப்பாட்டை விட்டுச் சிரித்தார்கள். கத்தியதற்கு வெட்கப்பட்டு உள்ளே போனவர், ஒரு தட்டில் எனக்கும் சோறு போட்டுக்கொண்டு வந்தார்.

நான் சாப்பிட்டு முடிப்பதற்குள் வீட்டுக்காரர் முதலாளிக்குப் போன் போட்டுவிட்டார். “உங்க கடப் பொண்ணு சரி பண்ணிடிச்சிங்க. இதுக்கப்புறம் எதுன்னாலும் இதையே அனுப்புங்க.”

கிளம்பும்போது மச்சான் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே தெருவுக்கு வந்தார். “டீச்சர், புதுச்சத்திரத்துல எங்க வூட்லயும் ஒண்ணு மாட்டணும். என்னிக்கி வரீங்க?”

புதுச்சத்திரம் நான் கடலூர் திரும்புகிற வழிதான். முதலாளியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வாய்வரைக்கும் வந்தது. ஆனால் “இப்பவே வரேன்” என்றேன். அன்றைக்கே அவரோடு பஸ் ஏறிப் புதுச்சத்திரத்தில் இறங்கி, அவர் மனைவி எங்கே உட்கார்ந்து டிவி பார்ப்பார் என்று கேட்டு, அந்த இடத்திலிருந்து கூடத்தை அளந்து முடித்தேன். வெளியே வந்த பிறகுதான் முதலாளிக்குப் போன் செய்தேன்.

“சார், இன்னொரு செட்டு எடுத்து வையுங்க. எடம் அளந்துட்டேன்.”