நவக்கிரகச் சுற்றில் ஒரு கவன வகுப்பு

இன்று கும்பகோணத்தில் நவக்கிரகம் சுற்றத் தொடங்கும்போது, என்னிடம் டியூஷன் படிக்கும் பெண்ணின் அம்மா சேர்ந்துகொண்டார்.

"உங்களுக்கு ஏடிஹெச்டியாமே, அந்தக் கவனக் குறைபாடு? ரெண்டு பிள்ளைங்க, கதை வேற எழுதுறீங்க. பாடத்துல எப்படிங்க கவனம் இருக்கும்? பாப்பாவை நிறுத்திடலாம்னு இருக்கேன். மனசை ஒருநிலைப்படுத்துங்க, எல்லாம் சரியாயிடும்."

சுற்றி முடிக்கும்வரை உபதேசம் ஓயாது போலிருந்தது. நான் எண்ணி எடுத்துவந்த ஒன்பது அரளிப்பூக்களைச் சுற்றுக்கு ஒன்றாகப் பீடத்தில் வைத்துக்கொண்டே நடந்தேன். மறந்துபோகும் என்று தெரிந்தவளின் ஏற்பாடு. சமையல், பிள்ளைகள், எழுத்து எல்லாமே இப்படித்தான் ஓடுகின்றன.

திடீரென நின்றார். "ஏங்க, இப்ப முடிஞ்சது ஏழா, எட்டா?"

கையில் ஒரு பூ மீதமிருந்தது. "எட்டுங்க."

என் சொல்லை நம்பி ஒன்பதாவதையும் முடித்துக் கும்பிட்டார். நவக்கிரகத்துக்குப் போதுமான என் கவனம், அவர் மகளின் ஏழாம் வகுப்புக்குத்தான் போதாதாம்.

உங்களுக்கும் இப்படி யாராவது வகுப்பு எடுக்கிறார்களா?