டப்பாவுக்கு ஒரு பென்சில்

கூடத்து மேசையில் நோட்டை ஓங்கி அறைந்த சத்தம் அடுப்படி வரை கேட்டது. எப்சிபா டீச்சர் பாலை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தார்.

மகிமாவின் அப்பா, ஏலக்காய் வியாபாரி ஏசுதாசன் நின்றிருந்தார். மகளுக்கு ஒரு மார்க் போய்விட்டது. இதைவிடப் பெரிய இழவு ஒரு குடும்பத்தில் விழ முடியுமா?

"எம்பிள்ள போட்ட கணக்கத் தப்புங்கிறீக. திருத்திக் குடுங்க. இல்லாட்டி இவளையும் எங்க சொந்தக்காரப் பிள்ளைக மூணையும் இப்பவே கூட்டிட்டுப் போயிருவேன்."

டியூஷனுக்கு வருவதே ஆறு பேர். முப்பது வருடம் ஐந்தாம் வகுப்பு எடுத்து, கரும்பலகைக் கணக்குகளிலேயே லட்சம் பென்சில்களை வாரி வழங்கிய வள்ளல் டீச்சர். கணவர் போனபின் அந்த அல்லிநகரத்து வீட்டில் கேட்கும் பேச்சுக்குரல் இந்த ஆறு பிள்ளைகளுடையதுதான். ஆனாலும் தப்பைச் சரி என்று சொல்ல நாக்கு எழவில்லை.

கணக்கு இதுதான்: ஆறு டப்பா, ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு பென்சில். பன்னிரண்டை அலமாரியில் வைத்துவிட்டு, மீதியை ஆறு பேருக்குக் கொடுத்தால் ஆளுக்கு எத்தனை? மகிமா ஒன்பது என்று எழுதியிருந்தாள்.

"நீங்களே பங்கு வச்சுக் காட்டுங்க." பிள்ளைகளுக்கென்று வாங்கி வைத்திருந்த ஆறு டப்பாக்களை டீச்சர் எடுத்து நீட்டினார்.

ஏசுதாசன் முதல் டப்பாவைத் திறந்தார். ஒரு பென்சிலை உருவி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மோந்து, சட்டைப்பையில் செருகிக்கொண்டார். ஆறு டப்பாவிலும் அப்படியே. போடி ஏலக்காய்ச் சந்தையில் இருபது வருடம் மூட்டைக்கு ஒரு பிடி ஏலக்காய் சாம்பிள் எடுத்து, திரும்பப் போடாத கை. பென்சிலுக்காக வழக்கத்தை விடுமா?

பிறகு பன்னிரண்டை ஒதுக்கிவிட்டு, மீதியை அங்கே உட்கார்ந்திருந்த ஆறு பிள்ளைகளுக்கும் பெருந்தன்மையோடு பகிர்ந்தார்.

"எண்ணுங்கத்தா!"

"ஒம்பது."

"பாத்தீகளா டீச்சர்! நாந்தான வீட்ல சொல்லிக் குடுத்தேன்!"

பிள்ளைகள் அவருடைய சட்டைப்பையையே பார்த்தார்கள்.

"அப்பா, பைக்குள்ள ஆறு இருக்குப்பா," என்றாள் மகிமா.

"அது சாம்பிளு, தாயி."

"கணக்குல சாம்பிள் எடுக்கச் சொல்லலையேப்பா."

அவள் ரப்பரை எடுத்தாள். ஒன்பதை அழித்துப் பத்து என்று எழுதினாள். ஏசுதாசனின் மீசை ஒரு சுற்று இளைத்தது.

"பிள்ளைகளக் கூட்டிட்டுப் போறீகளா?" என்று கேட்டார் டீச்சர்.

"இங்கனயே இருக்கட்டும். எங்கூட இருந்தா உருப்படாது."

செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவெனப் படியிறங்கினார். நாலு பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தவர், ஆறு பென்சிலோடு போனார்.

டீச்சர் கதவைச் சாத்தினார்.